கேட்டமரான் எல்லாம் கட்டுமரம் இல்லை

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் கார்களையும் பயணிகளையும் ஏற்றிச் செல்லும் பெரிய கேட்டமரான் கப்பல்களைக் கட்டுகிறார்கள். நீரில் மிதக்கும் இரண்டு உடல்களை அருகருகே இணைத்த கப்பல் அது. இப்படியொரு கப்பலைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘கட்டுமரம்’ என்று போட்டுவிடுவதுதான் முதல் தவறு. கயிற்றால் பிணைத்த நாலைந்து கட்டைகள்மேல் கார் எப்படி நிற்கும்? ‘இரட்டை உடல் கப்பல்’ என்றோ கேட்டமரான் என்றோ எழுதலாம்.

சொல் நம்முடையதுதான், அதில் ஐயமில்லை. சோழமண்டலக் கரையில் இந்த மிதவைகளைக் கேட்டமரான் என்கிறார்கள் என்று ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தன் பயண நூலிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் சொல் போன வழி வேறு, இரட்டை உடல் வந்த வழி வேறு. இரு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்துக் கடலோடியவர்கள் பசிபிக் தீவுகளின் பாலினேசியர்கள். 1876-இல் நதானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் அப்படியொரு பாய்ப்படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி மற்றப் படகுகளையெல்லாம் பின்தள்ளினார். போட்டியாளர்கள் கூச்சலிட, பரிசு கைநழுவியது. கேட்டமரான் என்ற பெயர் மட்டும் அந்த வகைப் படகுக்கு நிலைத்துவிட்டது. ஆகவே ‘நம் கட்டுமரத்தைப் பார்த்துத்தான் இன்றைய கேட்டமரானைச் செய்தார்கள்’ என்று பகிர்வதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். சோழர் படை கட்டுமரத்தில் கடாரம் போனது என்ற கதையும் இதே ரகம். அலை மேலேறி வழிந்தோடும் மிதவையில் படைக்கான அரிசி மூட்டையை எங்கே வைப்பது?

பழைய ஆங்கிலப் பக்கங்களில் இன்னும் கவனம் வேண்டும். 1804-இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கலங்கள்மீது பிரிட்டிஷார் ஏவிய ‘கேட்டமரான்’கள் வெடிமருந்துப் பெட்டிகள், அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ராபர்ட் ஃபுல்டனின் யோசனை. பெரிய சேதம் எதுவும் விளையவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அதே சொல் பனியில் விறகு இழுக்கும் சறுக்குவண்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலில் ஒரு கிழவியை அப்படி அழைத்தால் சண்டைக்காரி என்று பொருள். ‘கேட்’ என்ற ஒலி பூனையை நினைவூட்டியதால் இந்த வசை வந்திருக்கலாம். அதற்காகப் படகின் பெயருக்கும் பூனைக்கும் முடிச்சுப் போடக்கூடாது. அங்கே இருப்பது ‘கட்டு’.

டிரைமரானை ‘மும்மரம்’ ஆக்குவதும் வேண்டாம். மூன்று உடல் படகுக்காகக் கேட்டமரானின் வாலை வெட்டி ஒட்டிய இருபதாம் நூற்றாண்டுச் சொல் அது.