மெடிகேர் தானா வராது, நாமதான் போய்ச் சேரணும்

தொண்ணூறுகள்ல ரெண்டு சூட்கேஸ், ஒரு பிரஷர் குக்கரோட அமெரிக்கா வந்து இறங்கின நம்ம செட்டு இப்ப ஒவ்வொருத்தரா 65-ஐத் தொட்டுக்கிட்டு இருக்கோம். முன்னாடியெல்லாம் பாட்லக்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், எஸ்ஏடி ஸ்கோர்னு பேசிட்டு இருந்தவங்க இப்ப மெடிகேர் பத்தி, அதாவது 65 ஆனவங்களுக்கு அமெரிக்க அரசாங்கம் தர்ற மெடிக்கல் இன்சூரன்ஸ் பத்திப் பேசறாங்க, அதுல பாதி தப்பா பேசறாங்க. நான் போன வருஷம் சேர்ந்தேன், சேர்றதுக்கு முன்னாடி ஒரு ஆறு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டேன், அதான் எழுதறேன்.

நிறைய பேர் பண்ற முதல் தப்பு, "ரிட்டயர்மென்ட் வயசுதான் 67 ஆக்கிட்டாங்களே, அப்ப பாத்துக்கலாம்"னு இருக்கறது. 67-ங்கறது 1960-லயும் அதுக்கப்புறமும் பொறந்தவங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி, அதாவது அரசாங்க பென்ஷன், முழுசா கிடைக்கற வயசு. மெடிகேருக்கு 65-தான், 1965-ல ஜான்சன் கையெழுத்துப் போட்டதுலேர்ந்து அதுதான். 65-க்கு நாலு மாசம் முன்னாடியே சோஷியல் செக்யூரிட்டி வாங்க ஆரம்பிச்சிருந்தா கார்டு தானா வீட்டுக்கு வரும். மத்த எல்லாரும் நாமளா போய் அப்ளை பண்ணணும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்க. கூப்பிடறவங்க எல்லாம் பிளான் விக்கற ஏஜென்ட்டுங்கதான்.

கெடு மொத்தம் 7 மாசம். 65 முடியற மாசம், அதுக்கு முன்னாடி மூணு, பின்னாடி மூணு. முன்னாடி இருக்கற மூணு மாசத்துலயே போட்டுட்டா பொறந்த மாசம் ஒண்ணாந்தேதியே கவரேஜ் ஆரம்பிச்சிரும், லேட் பண்ணினா அப்ளை பண்ணின அடுத்த மாசம்தான்.

இதுல நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. நம்மள்ல எத்தனை பேருக்கு நிஜப் பொறந்த நாள் வேற, சர்ட்டிபிகேட் பொறந்த நாள் வேற? ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கும்போது வாத்தியார் ஜூன் 1-னு எழுதிட்டாரு, அதுவே பாஸ்போர்ட், கிரீன் கார்டு வரைக்கும் வந்திருச்சு. இங்க கணக்கு அந்த சர்ட்டிபிகேட் தேதிதான். அதுலயும் ஒண்ணாந்தேதி பொறந்தவங்களுக்கு ஒரு மாசம் முன்னாடியே எல்லாம் ஆரம்பிக்கும். 1961 ஜூன் 1-னு இருந்தா 2026 மே 1-லயே மெடிகேர், கெடு பிப்ரவரிலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும். எனக்கும் இதே கதைதான், வாத்தியார் புண்ணியத்துல ஒரு மாசம் முன்னாடியே கிடைச்சது.

பார்ட் ஏ ஆஸ்பத்திரியில படுக்கறதுக்கு, பார்ட் பி டாக்டர், டெஸ்ட்டு, ஸ்கேனுக்கு. 10 வருஷம், அதாவது 40 கிரெடிட் வேலை பாத்து டாக்ஸ் கட்டியிருந்தா பார்ட் ஏ-க்கு பிரீமியம் கிடையாது. எச்4-ல (புருஷனோட வேலை விசாவை ஒட்டி வர்ற விசா) வந்து வேலையே பாக்காம வீட்டைப் பாத்துக்கிட்டவங்க பயப்பட வேணாம், புருஷனோட கிரெடிட்லயே அவங்களுக்கும் ஃப்ரீ. ஆனா ஊர்ல பேங்க்லயோ பெல்லிலயோ வேலை பாத்த வருஷம் எதுவும் இங்க சேராது, இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவுல அப்படி ஒரு ஒப்பந்தமே இல்ல. பார்ட் பி எல்லாருக்கும் காசுதான், 2026-ல மாசம் 202.90 டாலர்.

இப்ப முக்கியமான கேள்வி, 65-க்கு அப்புறமும் வேலையில இருக்கீங்களா? இருந்தா, உங்க கம்பெனியில (இல்ல உங்க மனைவியோட, புருஷனோட கம்பெனியில) 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, பார்ட் பி-யைத் தள்ளிப் போடலாம், அபராதம் இல்ல. 20-க்குக் கம்மியா இருக்கற சின்ன கன்சல்டிங் கம்பெனின்னா தள்ளிப் போடாதீங்க, அங்க பில்லை மெடிகேர்தான் முதல்ல கட்டணும், அது இல்லாம கம்பெனி இன்சூரன்ஸ் கையை விரிச்சிரும். எச்எஸ்ஏ-ல (மருத்துவச் செலவுக்கு டாக்ஸ் இல்லாம சேக்கற கணக்கு) பணம் போடறவங்க இன்னொண்ணு கவனிங்க. 65 தாண்டி பார்ட் ஏ எடுத்தா அது 6 மாசம் வரைக்கும் பின்தேதியில அமலுக்கு வரும், அந்த 6 மாசத்துல எச்எஸ்ஏ-ல போட்டது தப்பாயிரும், டாக்ஸ்ல உதைக்கும். அதனால அப்ளை பண்றதுக்கு 6 மாசம் முன்னாடியே நிறுத்திருங்க.

வேலையை விட்டதும் 8 மாசம் டைம் குடுப்பாங்க. இங்கதான் என் மச்சான் மாட்டினாரு. 66 வயசுல, 2022 ஜூன் கடைசியில ரிட்டயர் ஆனாரு, கம்பெனி எச்ஆர்ல கோப்ரா (வேலையை விட்டப்புறமும் முழுக் காசையும் நாமளே கட்டி அதே கம்பெனி இன்சூரன்ஸைத் தொடர்றது) 18 மாசம் எடுத்துக்கலாம்னாங்க, மனுஷன் சந்தோஷமா மாசாமாசம் கொள்ளைக் காசு கட்டிக்கிட்டு, "இன்சூரன்ஸ்தான் இருக்கே, முடிஞ்சப்புறம் மெடிகேர் போகலாம்"னு இருந்துட்டாரு. கோப்ராங்கறது இந்தக் கணக்குல இன்சூரன்ஸே இல்ல! 8 மாசம் வேலை முடிஞ்ச நாள்லேர்ந்து ஓடுது, கோப்ரா முடிஞ்ச நாள்லேர்ந்து இல்ல. அந்த டைம் 2023 பிப்ரவரியிலயே போயிருச்சு. 2023 டிசம்பர்ல கோப்ரா முடிஞ்சு, ஜனவரி டு மார்ச் நடக்கற பொது சேர்க்கையில 2024 ஜனவரி போட்டு, பிப்ரவரி 1-லதான் கவரேஜ் வந்துச்சு. நடுவுல ஒரு மாசம் அக்கா அவரை பனியில வாக்கிங் கூட விடல. ஒவ்வொரு முழு 12 மாச லேட்டுக்கும் பார்ட் பி-ல 10 சதவீதம் கூட, அதை ஆயுசு முழுக்க கட்டணும், அவருக்கு ஒரு 10 விழுந்துச்சு. கேட்டா எச்ஆர்ல, "நாங்க மெடிகேர் அட்வைஸ் தர்றதில்ல"ன்னாங்களாம். அது உண்மைதான், அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்.

அப்ளை பண்றது கஷ்டமே இல்ல. மெடிகேர் சைட்ல இல்ல, சோஷியல் செக்யூரிட்டி சைட்ல, எஸ்எஸ்ஏ டாட் கவ்ல அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி (லாகின் டாட் கவ் வழியா வரும்) அங்கயே போடணும். மெடிகேர் மட்டும் போதும், பென்ஷன் இப்ப வேணாம்னு தனியா குடுக்கலாம். கம்பெனி இன்சூரன்ஸ்லேர்ந்து லேட்டா வர்றவங்களுக்கு ரெண்டு ஃபார்ம், சிஎம்எஸ்-40பி, அப்புறம் எல்564, ரெண்டாவதுல கம்பெனி கையெழுத்து வேணும், ஃபேர்வெல் கேக் வெட்டறதுக்கு முன்னாடியே வாங்கிருங்க. பேரு ஒரு தலைவலி, அப்பா பேரு கடைசிப் பேரா ஒண்ணுல, இனிஷியலா இன்னொண்ணுல இருக்கும். சோஷியல் செக்யூரிட்டி கார்டுல எப்படி இருக்கோ அதையே போடுங்க, சிட்டிசன்ஷிப் வாங்கும்போது பேரை மாத்தியிருந்தா முதல்ல அங்க போய் சரி பண்ணிட்டு வாங்க.

கார்டு வந்தாச்சு, இப்பதான் நிஜ முடிவு: மெடிகேப்பா, அட்வான்டேஜா? ஒரிஜினல் மெடிகேர், அதாவது அரசாங்கம் நேரடியா தர்ற ஏ, பி ரெண்டும், பார்ட் பி-ல 80 சதவீதம் கட்டும், மீதி 20 நம்ம தலையில, அதுக்கு உச்சவரம்பே கிடையாது. அந்த 20-ஐ மூடறதுக்குத் தனியார் விக்கற பாலிசி மெடிகேப், இப்ப நிறைய பேர் எடுக்கறது பிளான் ஜி இல்ல என். அட்வான்டேஜ்னா மொத்தத்தையும் ஒரு கம்பெனிகிட்ட ஒப்படைக்கறது, பிரீமியம் பல இடத்துல ஜீரோ, பல்லு, கண்ணாடி, ஜிம்னு ஆசை காட்டுவாங்க, ஆனா நெட்வொர்க் டாக்டர்தான், பெரிய டெஸ்ட்டுக்கு முன் அனுமதி வேணும்.

எந்தக் கூட்டத்துல கேட்டாலும் நான் மெடிகேப் பக்கம்தான். காரணம் இதான். பார்ட் பி ஆரம்பிச்சு 6 மாசத்துக்குள்ள எடுத்தா உங்களுக்கு சுகர் இருக்கா, ஸ்டென்ட் வெச்சிருக்கானு பாத்து மறுக்க முடியாது, விலையும் ஏத்த முடியாது. அந்த 6 மாசம் போச்சுன்னா நியூயார்க், கனெக்டிகட் மாதிரி சில ஸ்டேட் தவிர மத்த இடத்துல உடம்பு ஹிஸ்டரி கேப்பாங்க. நம்ம ஊர் ஆளுங்கள்ல 65 வயசுல சுகரும் பிரஷரும் இல்லாதவங்களை எண்ணிரலாம். அட்வான்டேஜை ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 15-லேர்ந்து டிசம்பர் 7 வரைக்கும் எடுக்கலாம், மாத்தலாம், அதுக்கு அவசரமே இல்ல.

இன்னொரு காரணம் ஊருக்குப் போறது. ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவுல ஒரு ரூபா கட்டாது. ஜி, என் ரெண்டுலயும் பயணத்தோட முதல் 60 நாளுக்குள்ள வர்ற எமர்ஜென்சிக்கு, 250 டாலர் நம்ம கையிலேர்ந்து போக 80 சதவீதம் உண்டு, ஆயுசுக்கும் சேத்து 50,000 டாலர் வரைக்கும். டிசம்பர் சீசன் கச்சேரிக்குப் போய் பொங்கல் முடிச்சுத் திரும்பறவங்களுக்கு இது சரியா இருக்கும், ஆறு மாசம் தங்கறவங்க தனியா டிராவல் இன்சூரன்ஸ் எடுத்துக்கங்க.

மாத்திரைக்கு பார்ட் டி. இப்ப ஒரு மாத்திரையும் சாப்பிடலன்னாலும் விலை குறைஞ்சதா ஒண்ணு எடுத்து வைங்க, நல்ல கவரேஜ் இல்லாம தொடர்ந்து 63 நாளோ அதுக்கு மேலயோ ஆனா அதுக்கும் ஆயுசு அபராதம். 2026-ல வருஷத்துக்கு 2,100 டாலருக்கு மேல மருந்துக்கு நம்ம கையிலேர்ந்து போகாது, பிளான்ல இருக்கற மருந்துக்கு மட்டும். எந்த பிளான்னு பாக்க மெடிகேர் டாட் கவ்ல உங்க மாத்திரை பேரெல்லாம் போட்டுத் தேடுங்க, குழப்பமா இருந்தா ஒவ்வொரு ஸ்டேட்லயும் ஷிப்னு இலவச ஆலோசனை இருக்கு, அவங்க எதையும் விக்கறதில்ல.

ஐடியில நல்லா சம்பாதிச்சவங்களுக்கு ஐஆர்எம்ஏஏன்னு ஒண்ணு வரும். ரெண்டு வருஷத்துக்கு முந்தின டாக்ஸ் ரிட்டர்னைப் பாத்து, 2026-ல ஜோடியா 218,000 டாலருக்கு மேல, தனியாளுக்கு 109,000-க்கு மேல வருமானம் இருந்திருந்தா பார்ட் பி, டி ரெண்டுக்கும் கூட கேப்பாங்க. ரிட்டயர் ஆனதால வருமானம் குறைஞ்சிருச்சுன்னா எஸ்எஸ்ஏ-44 ஃபார்ம் போடுங்க, குறைப்பாங்க.

மெடிகேர்ல ஃபேமிலி பிளான் கிடையாது, ஆளுக்கு ஒண்ணு. உங்களுக்கு 65, வீட்ல 60-ன்னா நீங்க வேலையை விட்டதும் அவங்களுக்குத் தனியா வழி பண்ணணும். நான் இன்னும் வேலையை விடாம இருக்கறதுக்கு அதுதான் பாதிக் காரணம்.

கிரீன் கார்டுல அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்தவங்க கேக்கறது, அவங்களுக்குக் கிடைக்குமா? 65 ஆகி, கிரீன் கார்டோட தொடர்ந்து 5 வருஷம் இங்க வசிச்சிருந்தா காசு குடுத்து வாங்கலாம், அந்த 5 வருஷம் முடியற மாசத்தை வெச்சுத்தான் அவங்களுக்கு 7 மாசக் கெடு. பிள்ளை எத்தனை டாக்ஸ் கட்டினாலும் அவங்களுக்கு கிரெடிட் வராது. பார்ட் ஏ 565, பி 202.90, ஆளுக்கு மாசம் 767.90 டாலர், பி மட்டும் கூட வாங்கலாம். அதுவரைக்கும் மார்க்கெட்பிளேஸ்ல (அரசாங்கம் நடத்தற இன்சூரன்ஸ் சந்தை) பிளான் பாருங்க, விசிட்டர் இன்சூரன்ஸை நம்பி வருஷக்கணக்கா ஓட்டாதீங்க.

கடைசியா பில்லு. சோஷியல் செக்யூரிட்டி வாங்காதவங்களுக்கு பார்ட் பி மூணு மாசத்துக்குச் சேத்து வரும், 608.70 டாலர். விளம்பரக் கவர்களோட கவரா கிடக்கும், நான் கிட்டத்தட்ட ரீசைக்கிள் டப்பாவுல போட்டுட்டேன், அதுக்கப்புறம்தான் ஈஸி பேல (பிரீமியத்தை பேங்க்லேர்ந்து தானா எடுத்துக்கற வசதி) பேங்க் அக்கவுன்ட்டைச் சேத்தேன்.