ப்ராஜெக்ட் செக்ஷனுக்குப் புதுசா வந்தவங்களுக்கு: முதல் ஆறு மாசத்துல வேலைய எப்படிக் கத்துக்கறது

யுனிவர்சிட்டி ப்ராஜெக்ட் செக்ஷன்ல நான் சேர்ந்த அன்னிக்கு ஒரு டேபிள், ஒரு கம்ப்யூட்டர், 42 ஃபைல் குடுத்தாங்க. ட்ரெயினிங்னு ஒண்ணும் கெடையாது. எனக்கு முன்னாடி அந்த சீட்ல இருந்த அண்ணன் எக்ஸாம் செக்ஷனுக்கு மாத்தலாகிப் போய்ட்டாரு, சந்தேகம் வந்தா மதியம் சாப்பாட்டு நேரத்துல போய்க் கேட்டுக்குவேன், அவ்ளோதான். வாத்தியாருங்களுக்கு ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர் கோர்ஸ்னு வருஷா வருஷம் நடக்குது, கோடிக்கணக்குல ஆராய்ச்சிப் பணத்தக் கையாளுற நமக்கு ஒரு நாள் வகுப்பு கூட பல இடத்துல இல்ல. அதனால நான் கத்துக்கிட்ட வழிய படிப்படியா எழுதிடறேன். மத்திய அரசு பணத்துல நடக்கற ப்ராஜெக்ட்டுகள மனசுல வெச்சுதான் எழுதறேன்.

படி 1: முடிஞ்சுபோன ஒரு ஃபைல எடுங்க

ஓடிட்டு இருக்கற ஃபைல தொடாதீங்க. முழுசா க்ளோஸ் ஆன, பாக்கிப் பணம் திருப்பி அனுப்பிட்ட மூணு வருஷ ப்ராஜெக்ட் ஒண்ணு பீரோல கெடக்கும், அத எடுத்துக்கங்க. முதல் பக்கத்துல இருந்து கடைசி நோட்டிங் (ஆபீஸ் குறிப்பு) வரைக்கும் பேனாவோட உக்காந்து படிங்க. தேதி, யார் கேட்டாங்க, யார் கையெழுத்து, எத்தன நாள் எந்த டேபிள்ல கெடந்துச்சு, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதுங்க. எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. நான் அப்புறம் போன எந்த வகுப்பும் அந்த ரெண்டு நாளுக்கு ஈடாகல.

படி 2: சாங்க்ஷன் ஆர்டர (பணம் ஒதுக்கின உத்தரவு) வரி வரியா

தொகைய மட்டும் பாத்துட்டு மடிச்சு வெச்சிடறாங்க. மூணு விஷயத்த கண்டிப்பா குறிச்சுக்கணும். ப்ராஜெக்ட் எந்த தேதில ஆரம்பிக்குது (சில ஏஜென்சி, அதாவது பணம் குடுக்கற அமைப்பு, ஆர்டர் தேதிய எடுத்துக்கும், சிலது பணம் வந்த தேதிய), பணம் ஜெனரல்ல (நடப்புச் செலவு) எவ்வளவு கேப்பிட்டல்ல (கருவி மாதிரி சொத்து) எவ்வளவு, ஒரு ஹெட்ல (செலவுத் தலைப்பு) இருந்து இன்னொண்ணுக்கு மாத்தணும்னா யார் அனுமதி. கேப்பிட்டல் பணத்த எடுத்து கெமிக்கல் வாங்கறது ஏஜென்சிய கேக்காம நடக்கவே கூடாது. பிஐ (ப்ராஜெக்ட நடத்தற பேராசிரியர்) எவ்வளவு அவசரம்னு சொன்னாலும் ஆர்டர காட்டி "சார், ஒரு லெட்டர் போட்ருவோம், நானே டைப் பண்ணித் தரேன்"னு சொல்லிடுங்க.

படி 3: யூசிய (யுடிலைசேஷன் சர்டிஃபிகேட்) கையால போடுங்க

இங்கதான் நான் தடுக்கி விழுந்தேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

யூசினா வந்த பணத்த எப்படி செலவு பண்ணினோம்னு ஏஜென்சிக்கு குடுக்கற சான்று. அதோட ஃபார்ம் ஜிஎஃப்ஆர் 12-ஏ (ஜிஎஃப்ஆர்னா மத்திய அரசோட பொது நிதி விதிகள்). ஏழு காலம் (கட்டம்). 1 போன வருஷ மிச்சம், 2 அதுக்கு வந்த வட்டி, 3 அரசுக்கு திருப்பிக் கட்டின வட்டி, 4 இந்த வருஷம் வந்த பணம், 5 கையில இருக்கற மொத்தம் (1+2−3+4), 6 செலவு, 7 மிச்சம் (5−6). பாக்க எட்டாம் கிளாஸ் கணக்கு மாதிரிதான் இருக்கும்.

ஒரு உதாரணம் போட்டுப் பாருங்க. போன வருஷ மிச்சம் 1,84,320. வட்டி 6,215. அந்த 6,215-அ முழுசா திருப்பிக் கட்டியாச்சு. இந்த வருஷம் வந்தது 8,50,000. அப்ப 5-வது காலம் 10,34,320. செலவு 9,12,740-னு எழுதினா மிச்சம் 1,21,580.

இப்ப பேங்க் ஸ்டேட்மெண்ட்ல மார்ச் 31 பேலன்ஸ பாருங்க. 3,57,580 இருக்கு. எங்க இருந்து வந்துச்சு கூடுதலா 2,36,000?

என் முதல் மார்ச்ல கிட்டத்தட்ட இதேதான் நடந்துச்சு. ஒரு சென்ட்ரிஃப்யூஜுக்கு மார்ச் 20 வாக்குல பர்ச்சேஸ் ஆர்டர் குடுத்துட்டோம், மெஷின் மே மாசம்தான் வந்துச்சு, பணம் ஜூன்லதான் போச்சு. ஆர்டர் குடுத்தாச்சுல்லனு நான் அத செலவுல சேத்துட்டேன். ஆர்டர் குடுத்தது கமிட்டட் எக்ஸ்பெண்டிச்சர், செய்யறதா ஒத்துக்கிட்ட செலவு மட்டும்தான். அத எஸ்இ-ல (ஸ்டேட்மெண்ட் ஆஃப் எக்ஸ்பெண்டிச்சர், செலவுப் பட்டியல்) தனியா குறிப்பா காட்டலாம், யூசி-யோட 6-வது காலத்துல சேக்கக் கூடாது. சரியான செலவு 6,76,740, மிச்சம் 3,57,580, பேங்க்கோட பைசா சுத்தமா ஒத்துப்போகுது. பிஐ வாங்கி இன்னும் பில் குடுக்காத அட்வான்ஸும் இதே மாதிரிதான், பில் செட்டில் ஆகற வரைக்கும் அது செலவு இல்ல.

யூசி திரும்பி வந்துச்சு. நான் திருத்தி, ஆடிட்டர்கிட்ட மறுபடி கையெழுத்து வாங்கி, ரிஜிஸ்ட்ரார் டேபிள் தாண்டி அனுப்பறதுக்குள்ள அடுத்த தவணை தள்ளிப் போயிடுச்சு. அந்த ப்ராஜெக்ட்ல ஒரு ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) பொண்ணு இருந்துச்சு, ஊர் திருவாரூர் பக்கம், ஹாஸ்டல்ல தங்கி வேலை பாத்துச்சு. மாசம் பொறந்தா செக்ஷன் வாசப்படில வந்து நிக்கும், உள்ள வராது. "மேடம், இந்த மாசம் ஃபெல்லோஷிப் வந்துருமா?" அஞ்சு மாசம் கேட்டுச்சு. மெஸ் பில்லுக்கு அவங்க அப்பா கடன் வாங்கினாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 6-வது காலத்துல தப்பா எழுதின எண் எங்க போய் நிக்குதுனு அன்னிக்குப் புரிஞ்சுது, அதுக்கப்புறம் பேங்க் பேலன்ஸோட டேலி பண்ணாம ஒரு யூசியும் என் டேபிள விட்டுப் போனதில்ல.

வட்டி பத்தியும் சொல்லிடறேன். ஜிஎஃப்ஆர் 2017, ரூல் 230(8) படி மானியத்துக்கு வர்ற வட்டிய கணக்கு முடிச்ச உடனே கன்சாலிடேட்டட் ஃபண்ட் ஆஃப் இந்தியாவுக்கு (மத்திய அரசோட கஜானா) கட்டிடணும், அடுத்த தவணைல கழிச்சுக்கங்கனு சொல்ல முடியாது. கட்டறது பாரத்கோஷ்ங்கற மத்திய அரசு ஆன்லைன் போர்ட்டல்ல. அங்க எந்த மினிஸ்ட்ரி, எந்த பிஏஓ (கணக்கு அதிகாரி), எந்த டிடிஓ (பணம் எடுத்து வழங்கற அதிகாரி)-னு கேக்கும், ஊகத்துல எதையாவது தேர்ந்தெடுத்து கட்டிடாதீங்க, ஏஜென்சிக்கு மெயில் போட்டு எழுத்துல வாங்கிட்டு கட்டுங்க. தப்பான தலைப்புல போன பணத்த மீட்கறது மாசக்கணக்கு வேலை. ரசீத அப்பவே பிடிஎஃப்பா இறக்கி வெச்சுக்கங்க.

யூசிக்கு ரூல் 238 குடுக்கற கெடு நிதியாண்டு முடிஞ்சு 12 மாசம். அந்த 12 மாசத்த நம்பாதீங்க. ஏப்ரல்ல அனுப்பினாதான் தவணை நேரத்துக்கு வரும்.

படி 4: ஒரே லெட்ஜர்

ப்ராஜெக்டுக்கு ஒரு எக்செல் ஃபைல் வெச்சுக்கறவங்க நிறைய பேர். எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்ல. ஒரே ஷீட், எல்லா ப்ராஜெக்டும், ஒரு செலவுக்கு ஒரு வரி: தேதி, ப்ராஜெக்ட் கோட், ஹெட், தொகை, வவுச்சர் நம்பர், நெலம. நெலமைல மூணே வார்த்தை, ஆர்டர், அட்வான்ஸ், பணம் போச்சு. 6-வது காலத்துக்கு "பணம் போச்சு" வரிகள மட்டும் சம்இஃப்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்தறத மட்டும் கூட்டற ஃபார்முலா) போட்டு கூட்டுங்க, நான் பண்ணின தப்பு உங்களால பண்ணவே முடியாது. லிப்ரே ஆபீஸ் கால்க்லயும் இது அப்படியே ஓடும், லைசன்ஸ் இல்லாத எக்செல் தேவையில்ல. டேலி சாஃப்ட்வேர்ல ப்ராஜெக்டுக்கு ஒரு காஸ்ட் சென்டர் போட்டும் செய்யலாம், ஆனா ஆரம்பத்துல எக்செல்லே போதும்னு நான் சொல்வேன், ஏன்னா ஒவ்வொரு வரியையும் கையால போட்டாதான் கணக்கு மண்டைல ஏறும். பில்ல வாட்ஸ்அப்ல வாங்கிட்டு அதையே ரெக்கார்டா வெச்சுக்காதீங்க, ஸ்கேன் பண்ணி பேருல தேதிய முன்னாடி போட்டு சேமிங்க.

படி 5: விதிய மூலத்துலயே படிங்க

ஜிஎஃப்ஆர் 2017 செலவினத் துறை வெப்சைட்ல இலவசமா கெடைக்குது. முழுசா படிக்க வேணாம், 6-வது அத்தியாயம் (கொள்முதல்), 9-வது அத்தியாயம் (மானியம்) ரெண்டும் போதும். ஆனா அந்த பிடிஎஃப்ல இருக்கற தொகைகள கண்ண மூடிட்டு எடுத்துக்காதீங்க. கொட்டேஷன் இல்லாம வாங்கற வரம்பு 2017-ல 25,000, அதுக்கப்புறம் பல தடவ மாறி அறிவியல் துறைகளுக்கு 2025 ஜூன்ல 2 லட்சம் வரைக்கும் வந்துடுச்சு. உங்க யுனிவர்சிட்டிக்கு எது பொருந்தும்னு ஃபைனான்ஸ் ஆபீசர்கிட்ட எழுத்துல வாங்குங்க. மாநிலப் பல்கலைக்கழகம்னா தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ம் இருக்கு, அதையும் பர்ச்சேஸ் செக்ஷன்ல கேட்டுக்கங்க. எஸ்இஆர்பி (ஆராய்ச்சிக்குப் பணம் குடுத்த மத்திய அரசு அமைப்பு) பேர்ல வந்த பழைய ப்ராஜெக்ட் இருந்தா, அந்த அமைப்பு 2023 சட்டப்படி ஏஎன்ஆர்எஃப்க்குள்ள (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) போயிடுச்சு, லெட்டர்ல பழைய பேரப் போட்டு அனுப்பிட்டு இருக்காதீங்க.

படி 6: லேபுக்குப் போய்ட்டு வாங்க

மாசத்துல ஒரு மதியம் போதும். மைனஸ் 80 ஃப்ரீஸர்னு பில்லுல பாத்தது எனக்கு ஒரு தொகையா மட்டும்தான் தெரிஞ்சுது. நேர்ல போனப்ப ஒரு ஸ்காலர் கதவ ஒரு விரக்கடை தொறந்து சட்டுனு மூடினாரு, கரண்ட் போனா மூணு வருஷ சாம்பிள் போயிடும் மேடம்னாரு. அதுக்கப்புறம் அந்த லேப்ல இருந்து யூபிஎஸ் பேட்டரிக்கு வந்த பில்ல நான் ஒரு நாள் கூட தாமதிக்கல. ஸ்டாக் என்ட்ரி (ஜிஎஃப்ஆர் 22) சரிபாக்கறதையும் அந்தப் போக்குலயே முடிச்சுடலாம்.

படி 7: வெளில கத்துக்கறது

இத ஆறு மாசத்துக்கு அப்புறம் பண்ணுங்க. ஸ்வயம், என்பிடெல்ங்கற அரசு ஆன்லைன் வகுப்புகள்ல காப்புரிமை பத்தின கோர்ஸ் இலவசமா படிக்கலாம், எக்ஸாமுக்கு மட்டும்தான் கட்டணம். டெல்லி ஐஎஸ்டிஎம், ஃபரீதாபாத் ஏஜேஎன்ஐஎஃப்எம்னு ரெண்டு மத்திய அரசு பயிற்சி நிறுவனத்துலயும் அரசு நிதி நடைமுறைக்குப் பயிற்சி நடக்குது, ரிஜிஸ்ட்ரார் நாமினேட் பண்ணணும், கூச்சப்படாம கேளுங்க. நம்ம வேலைய ஒரு தனித் தொழிலாவே பாத்து இந்தியால முயற்சி எடுத்தவங்கள்ல இந்தியா அலையன்ஸ் (மருத்துவ உயிரியல் ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற அமைப்பு) முக்கியமானவங்க, ஐஆர்எம்ஐனு (இந்தியா ரிசர்ச் மேனேஜ்மெண்ட் இனிஷியேட்டிவ்) ஒரு திட்டமே அதுக்காக நடத்துனாங்க. அமெரிக்கால நம்ம மாதிரி ஆராய்ச்சி நிர்வாக ஊழியர்களுக்கான சங்கமா என்கியூராவ 1959-லயே ஆரம்பிச்சுட்டாங்க, எஸ்ஆர்ஏவ 1967-ல. சிஆர்ஏனு (சர்டிஃபைட் ரிசர்ச் அட்மினிஸ்ட்ரேட்டர்) ஒரு சர்டிஃபிகேட் எக்ஸாமும் இருக்கு, நான் அதோட பாடத்திட்டத்த படிச்சேன், பாதிக்கு மேல அமெரிக்க ஃபெடரல் விதி, நமக்கு அதுக்கு காசு செலவு பண்றது இப்போதைக்கு வேணாம்ங்கறது என் கருத்து.

அப்டேட் 1: ஒரே சேவிங்ஸ் அக்கவுண்ட்ல பதினஞ்சு ப்ராஜெக்ட் இருந்தா வட்டிய எப்படிப் பிரிக்கறதுனு கேட்டிருந்தாங்க. வருஷக் கடைசி பேலன்ஸ வெச்சுப் பிரிக்காதீங்க, பிப்ரவரில தவணை வந்த ப்ராஜெக்ட் தலைல மொத்த வட்டியும் விழுந்துடும். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் மாசாமாசம் இருந்த பேலன்ஸ எடுத்து அந்த விகிதத்துல பிரிங்க, கணக்கிட்ட தாள ஃபைல்ல வைங்க. முடிஞ்சா புது ப்ராஜெக்டுக்குத் தனி அக்கவுண்ட் கேளுங்க.

அப்டேட் 2: டிஎஸ்ஏ (ட்ரெஷரி சிங்கிள் அக்கவுண்ட்) முறைல வர்ற ப்ராஜெக்டுக்கு வட்டியே வராது, பணம் ரிசர்வ் பேங்க்ல இருக்கு. ஆனா மார்ச் 31-க்குள்ள பயன்படுத்தாத ஒதுக்கீடு லாப்ஸ் ஆயிடும். அதனால இந்த மாதிரி ப்ராஜெக்டுக்கு டிசம்பர்லயே பிஐ-கிட்ட மிச்சத்தச் சொல்லிடுங்க. மார்ச் 25-க்கு வர்ற பில்லுக்கு பிஎஃப்எம்எஸ்ல (அரசுப் பணம் அனுப்பற ஆன்லைன் சிஸ்டம்) பதிவு போடற மேக்கர், சரிபாத்து அனுப்பற செக்கர் ரெண்டு பேரும் ஒரே நாள்ல இருப்பாங்கனு எதிர்பாக்க முடியாது.

அப்டேட் 3: ஆடிட்டர் கையெழுத்து போட்ட யூசி யுடின் (சிஏ தர்ற ஆவணத்துக்கான தனி அடையாள எண்) இல்லாததால திரும்பி வந்துச்சுனு கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. நான் எழுத விட்டுட்டேன், மன்னிக்கணும். சிஏ குடுக்கற சர்டிஃபிகேட்ல 18 எழுத்து-எண் கொண்ட யுடின் இருக்கணும், அத ஐசிஏஐ-யோட (சிஏக்களோட அமைப்பு) யுடின் போர்ட்டல்ல போட்டா யார் வேணாலும் சரிபாத்துக்கலாம். ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து கவர் வந்ததும் பிரிச்சு முதல்ல அதத்தான் பாருங்க, அதுக்கு அப்புறம்தான் ரிஜிஸ்ட்ரார் கையெழுத்துக்கு ஃபைல் போகணும்.