பூதக் கதைக்கு விமர்சனம் எழுதும்போது விடக்கூடாத பிழைகள்

சனிக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் புத்தகம் வாசிக்க வருவார்கள். எல்லோரும் 12க்கும் 17க்கும் இடைப்பட்ட வயது. போன வருடம் அவர்களிடம் ஒரு சித்திரக்கதையைக் கொடுத்தேன். இரண்டு இளைஞர்கள் சொந்தக் காசில் அச்சடித்த 48 பக்கக் கறுப்பு வெள்ளைப் புத்தகம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, கடலிலிருந்து எழும்பி வரும் பூதம் ஒன்று, இவ்வளவுதான் கதை. அதற்கு நான் ஏற்கெனவே விமர்சனம் எழுதி வைத்திருந்தேன். யுத்தம் விட்டுப்போன பயம்தான் இந்தப் பூதம் என்று அதில் உறுதியாகச் சொல்லியிருந்தேன்.

வாசித்து முடித்த பிள்ளை ஒன்று என்னிடம் வந்து, "அக்கா, பூதத்தின்ர கை கடைசி மட்டும் கோட்டைத் தாண்டாது, பாத்தனீங்களா?" என்று கேட்டது.

புத்தகத்தை வாங்கித் திரும்பப் புரட்டினேன். சரிதான். அந்தப் பெண்ணின் தலைமுடி, காகம், அலை எல்லாம் படத்தைச் சுற்றிப் போட்ட கட்டத்தின் கோட்டைத் தாண்டி வெளியே வழிகின்றன. பூதம் மட்டும், எவ்வளவு பெரிதாக வரைந்திருந்தாலும், கட்டத்துக்குள்ளேயே தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறது. 41ஆம் பக்கத்தில்தான் அதன் ஒரு விரல் கோட்டுக்கு மேலே வருகிறது. அடைபட்டுக் கிடந்தது பூதம்தான். இரண்டு தடவை வாசித்தும் அது என் கண்ணில் படவில்லை. எழுதியதைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். அப்புறம் என் பழைய விமர்சனங்களையும் எடுத்துப் பார்த்தபோது, திரும்பத் திரும்ப விடும் பிழைகள் பிடிபட்டன.

பெரிய பிழை நான் விட்டதுதான்: பூதத்தைப் பார்க்கும் முன்பே அது எதைக் குறிக்கிறது என்று முடிவு கட்டுவது. திருகோணமலையில் இருந்துகொண்டு, கடலிலிருந்து ஏதோ வருகிறது என்று வாசித்தால் 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வராமல் இருக்காது. யுத்தமும் அப்படித்தான். ஆனால் இன்று பதினைந்து வயதில் இருக்கும் பிள்ளை சுனாமிக்குப் பிறகு பிறந்தது. அதன் பயங்கள் வேறு. மாறிக்கொண்டிருக்கும் உடம்பு, ஓ.எல். பரீட்சை, கட்டாரில் வேலை செய்யும் அப்பா போனில் வெறும் குரலாக மட்டும் இருப்பது. இந்த வயதுக்கான கதைகளில் பல நேரம் பூதம் எதிரியே இல்லை. அந்தப் பிள்ளைதான் தன்னைப் பூதம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். குறியீடு இருக்கலாம். முதலில் அதற்கு எத்தனை கண், எவ்வளவு உயரம், யாரைப் பார்த்து நிற்கிறது, எப்போது முழு உருவமும் தெரிகிறது என்று பாருங்கள். குறியீட்டை அங்கிருந்து எடுங்கள்.

பெயரிலும் அவசரப்படுகிறோம். பேய், பூதம், முனி, அரக்கன், காட்டேறி எல்லாம் நமக்கு ஒன்றல்ல. பேய் செத்தவரிலிருந்து வருவது. முனி ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்பது. பூதமோ பெரும்பாலும் காவல் காக்கும், சொன்ன வேலையைச் செய்யும். சிவனைச் சுற்றி நிற்பதே பூதகணம்தானே. சிலப்பதிகாரத்தில் வரும் புகார் நகரத்துச் சதுக்கப்பூதம் பொய்ச்சாட்சி சொன்னவர்களைப் பிடித்துத் தின்றது. நல்லவர்களை அது தொடவில்லை. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் என்ற மன்னன் பூதங்களைக் கொண்டு கட்டுவித்தான் என்று நமது பக்கத்தில் கதை சொல்வார்கள். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஒருவர் தன் கதையில் பூதம் என்று எழுதினால், தெரிந்தே எழுதியிருக்கக்கூடும். அதை நாம் 'கொடூர அரக்கன்' என்று மாற்றி எழுதினால் கதையின் பாதியை அந்த ஒரு சொல்லிலேயே அழித்துவிடுகிறோம். ஆசிரியர் வைத்த பெயரையே நீங்களும் சொல்லுங்கள்.

'படங்கள் அருமை' என்ற ஒரு வரியோடு ஓவியத்தைக் கடந்து போவது அடுத்தது. சித்திரக்கதையில் கதையைச் சொல்வதே படம்தான். ஒரு பக்கத்தை எடுத்து அது எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் போதும். 'பூதம் வரும் பக்கங்களில் கட்டங்கள் குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒரே கட்டம் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது' என்று எழுதினால், புத்தகத்தைக் கையில் எடுக்காதவருக்கும் அந்தப் பயம் கொஞ்சம் தெரியும்.

படத்தைப் பார்க்கும்போது எழுத்தையும் பாருங்கள். தமிழில் இதற்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. நமது சொற்கள் நீளமானவை. 'போகவேண்டியிருந்திருக்கிறது' என்ற ஒரே சொல் ஒரு பேச்சுக் குமிழியை நிரப்பிவிடும். குமிழியைப் பெரிதாக்கினால் படம் மறையும், எழுத்தைச் சிறிதாக்கினால் வாசிக்க முடியாது, சொல்லை உடைத்தால் பேச்சின் ஓட்டம் உடையும். அதனால்தான் நல்ல தமிழ்ச் சித்திரக்கதையில் வசனம் குறுகியிருக்கும். பேச்சு வழக்கு அதற்குக் கைகொடுக்கும். 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்பதை விட 'என்ன செய்யிறாய்' குமிழியில் அழகாக உட்காரும். ஊர்ப் பேச்சில் வசனம் வந்திருந்தால் அதை எழுத்துப் பிழை என்று குறை சொல்லாதீர்கள். யாருடைய வாயில் எந்தப் பேச்சு வருகிறது என்று கவனியுங்கள். பூதம் செந்தமிழ் பேசுகிறதா, மூதூர்ப் பேச்சுப் பேசுகிறதா என்பது கதைக்குள் ஒரு முடிவு. எழுதியவர், வரைந்தவர், எழுத்துப் பதித்தவர் வெவ்வேறு ஆட்கள் என்றால் மூன்று பெயரையும் போடுங்கள்.

பிடிஎஃப்பைப் போனில் வாசித்துவிட்டு எழுதுவதும் இப்போது கூடிவிட்டது. அச்சுச் செலவு தெரிந்தவர்கள் பிடிஎஃப் அனுப்புவது நியாயம்தான். ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து வரைந்த படம் போனில் நடுவால் பிளந்து வரும். இருட்டுக் காட்சிகள் ஒளித்திரையில் தெளிவாகத் தெரியும். தாளில் மை ஊறி அதே காட்சி ஒரே கறுப்பாகப் போயிருக்கலாம். வாங்குபவர் கையில் கிடைக்கப்போவது தாள். முடிந்தவரை ஒரு பிரதியைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். முடியாவிட்டால் திரையில்தான் பார்த்தேன் என்று சொல்லிவிடுங்கள்.

வயதைப் பற்றி இரண்டு விதமாகத் தவறுகிறோம். படம் இருப்பதால் 'குழந்தைகளுக்கான புத்தகம்' என்று எழுதுகிறோம். அதை நம்பி ஒரு தாய் ஏழு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால் அன்று இரவு இருவருக்கும் நித்திரை இல்லை. மற்றது, பேய்க்கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற பயம். 1954இல் அமெரிக்காவில் சித்திரக்கதைப் பதிப்பாளர்கள் இந்தப் பயத்துக்குப் பணிந்து, தாங்களே ஒரு ஒழுக்கக்கோவை வகுத்தார்கள். இரத்தக்காட்டேறி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் எல்லாம் அதில் விலக்கப்பட்டன. 1971இல்தான் காட்டேறிக்கும் ஓநாய் மனிதனுக்கும் திரும்பக் கதவு திறந்தது. அந்தத் தவறை நாம் இன்னொரு தடவை செய்ய வேண்டாம். இரத்தம் இருக்கிறதா, சாவு இருக்கிறதா, எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறது என்று சொல்லுங்கள். எந்த வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்வார்கள். முடிந்தால் நீங்கள் எழுதும் முன் அந்த வயதுப் பிள்ளை ஒன்றிடம் வாசிக்கக் கொடுங்கள்.

சொந்தக் காசில் போட்ட புத்தகம், நமது ஊர்ப் பிள்ளைகள், பாவம் என்று குறைகளை மூடி மறைப்பது அவர்களுக்கு நாம் செய்யும் உதவி இல்லை. அடுத்த புத்தகத்தை எதை வைத்துத் திருத்துவார்கள்? பெரிய கம்பனிப் புத்தகத்தின் வண்ணத்தையும் தாளையும் காட்டி அடிப்பதும் சரியில்லை. நடுவில் பின் அடித்த புத்தகத்தில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். ஒரு பக்கம் போதவில்லை என்றால் நான்கு பக்கத்துக்குச் செலவு செய்ய வேண்டும். முடிவு அவசரமாக இருந்தால் அவசரம் என்று எழுதுங்கள். எந்தக் காட்சிக்கு இன்னும் இரண்டு கட்டம் வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

விலை, பக்கம், எங்கே வாங்கலாம், முதல் பாகமா முழுக்கதையா என்பவற்றை மறக்க வேண்டாம். பிரதி இலவசமாக வந்திருந்தால், வரைந்தவர் உங்கள் நண்பர் என்றால், அதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பூதம் முதன்முதல் முழுதாகத் தெரியும் பக்கத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள். தமிழ்ப் புத்தகத்தில் அந்தப் பக்கம் பெரும்பாலும் இடது பக்கம். வலது பக்கத்தின் அடியில் ஒரு சத்தம், ஒரு நிழல். தாளைத் திருப்பினால் அங்கே அது. அந்த ஒரு திருப்பலுக்காகத்தான் அதற்கு முந்திய பக்கங்களை எல்லாம் வரைந்திருப்பார்கள். கதைச்சுருக்கமும் அந்த இடத்துக்கு முன்பே நிற்கட்டும். அட்டையும் முதல் இரண்டு பக்கங்களும் காட்டினால் தாராளம். நான் திருத்தி எழுதிய விமர்சனத்தில் கட்டங்களின் கோடுகளைக் கவனித்து வாசியுங்கள் என்று மட்டும் எழுதினேன். விரல் வெளியே வருவதை அதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டதால்தான் புத்தகத்தின் பெயரை விட்டிருக்கிறேன்.