ஐஎஸ்டிஎன் லைனைக் கழற்றும் முன்

பினாங்கில் லெபோ பந்தாய், லெபோ பாசார் பக்கத்துக் கடைவீட்டு ஆபீஸ்களில் பழைய பிஏபிஎக்ஸ் பெட்டி (ஆபீஸுக்குள் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச்) சுவரில் இருந்தால், அதன் பின்னால் ஐஎஸ்டிஎன் லைன் இருக்க வாய்ப்பு உண்டு. பேச்சையும் டேட்டாவையும் ஒரே லைனில் டிஜிட்டலாக அனுப்ப 1980களில் வகுத்த தரம் அது. இப்போது பலரும் இன்டர்நெட் வழியே போன் அழைப்புகளைக் கொண்டுவரும் எஸ்ஐபி டிரங்குக்கு மாறுகிறார்கள். மாறட்டும், ஆனால் அவசரப்பட்டால் பேக்ஸும் அலாரமும் காலை வாரும்.

ஐஎஸ்டிஎன்னில் சிறிய லைன், பெரிய லைன் என இரண்டு வகை. முதல் தவறு, சிறிய லைனை 128 கேபிபிஎஸ் என்று மட்டும் நினைப்பது. அதில் 64 கேபிபிஎஸ் சேனல் இரண்டு, அழைப்பை நடத்த 16 கேபிபிஎஸ் சேனல் ஒன்று. டேட்டாவுக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டால் பேச இடமில்லை. பில்லிலும் அது இரண்டு அழைப்பு.

அடுத்தது சாக்கெட். ஐஎஸ்டிஎன் உள்வயரிங் சாக்கெட்டும் கம்ப்யூட்டர் லேன் சாக்கெட்டும் ஒரே எட்டு முனை அச்சுதான். ஆனால் 100 எம்பிபிஎஸ் வரையிலான லேன் 1, 2, 3, 6 முனைகளை எடுக்கும், ஐஎஸ்டிஎன் 3, 4, 5, 6 முனைகளை எடுக்கும். ‘பிளக் பொருந்துதே’ என்று மாற்றிச் செருகாதீர்கள். அந்த உள்வயரிங்கில் எட்டுக் கருவிகள் வரை மாட்டலாம். 100 ஓம் ரெசிஸ்டர் அந்த வயரின் இரு கோடிகளிலும் இருக்க வேண்டும், நடுவில் கூடாது.

பெரிய லைனில்தான் தலைவலி. மலேசியாவில் அது இ1: 64 கேபிபிஎஸ் வீதம் 32 துண்டுகள், மொத்தம் 2.048 எம்பிபிஎஸ். 30 துண்டுகளில் பேச்சு, ஒன்றில் சிக்னலிங், ஒன்றில் ஒத்திசைவு. அமெரிக்காவின் டி1-இல் 23 பேச்சுச் சேனல்தான். ஆன்லைனில் வாங்கிய கேட்வே (பிஏபிஎக்ஸை எஸ்ஐபி டிரங்கோடு இணைக்கும் பெட்டி) டி1 செட்டிங்கில் வந்திருந்தால் லைன் எழும்பவே எழும்பாது. அதுகூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும்.

தெரியாமல் கழுத்தறுப்பது கிளாக், அதாவது பிட்டுகளை அனுப்பும் நேரக் கணக்கு. ஒருவர் மட்டுமே நேரம் கொடுக்க வேண்டும், மற்றவர் அதைப் பின்பற்ற வேண்டும். டெலிகோம் லைன் இருந்தவரை நேரம் அங்கிருந்து வந்தது, பிஏபிஎக்ஸ் பின்தொடர்ந்தது. அந்த இடத்தில் கேட்வேயை வைத்ததும் நேரம் கொடுக்கும் வேலை அதனுடையது. இரண்டும் தானே ராஜா என்றால் பிட்டுகள் நழுவும். பேச்சில் சின்ன ‘டிக்’, யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்புறம் போன் வரும்: “அண்ணே, பேசினா நல்லா இருக்கு, பேக்ஸ் மட்டும் ரெண்டாம் பக்கத்துல நின்னுடுது!” உடனே பேக்ஸ் மிஷினைத் திட்டாமல் கேட்வேயில் இந்த நழுவலைக் காட்டும் ஸ்லிப் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்.

கிளாக் சரி என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கோடெக், அதாவது ஓசையை டிஜிட்டலாக மாற்றும் முறை. ஜி.729 பேச்சை 8 கேபிபிஎஸுக்குச் சுருக்கிவிடும். பேக்ஸ் ஓசை அதில் பிழைக்காது. சுருக்காமல் அனுப்பும் ஜி.711 அல்லது பேக்ஸுக்கென்றே உள்ள டி.38 கேளுங்கள்.

கடைசியாக, லைனை நிறுத்தச் சொல்லி எழுதும் முன் லிஃப்ட் போன், திருட்டு அலாரம், கார்டு மிஷின் எதில் தொங்குகின்றன என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். ஃபைபர் மோடமும் கேட்வேயும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். மாற்றிய அன்றே கரண்ட் மெயினை அணைத்துவிட்டு லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு அழைப்பு போட்டுப் பார்ப்பது நல்லது.