எதையும் தின்னும் கோழிக்கு எதையும் போட்டால் போதுமா?

“கோழி குப்பையைக் கிளறித் தின்கிற ஜாதி, அதுக்குப் போய் என்னய்யா சத்துக் கணக்கு?” உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. குப்பையைக் கிளறுகிற வரைக்கும் சரிதான். கொல்லையில் திரிகிற கோழி புல் நுனி, சிந்திய கம்பு, கரையான், மண்புழு, பொடிக்கல் என்று பொழுது சாய்வதற்குள் பத்து வகையைப் பொறுக்கிவிடும். ஒரு வேளை தானியம் கூடினாலும் அடுத்த வேளை புழு பூச்சியில் ஈடுகட்டிக்கொள்ளும். அதே கோழியை வலைக்குள் அடைத்து, ரேஷன் அரிசியை மட்டும் வீசுகிறபோதுதான் கணக்கு இடிக்கிறது. அடைத்த அன்றைக்கே தீனியைச் சரிக்கட்டுகிற வேலை நம் தலையில் விழுந்துவிட்டது.

தானியம் மட்டும் போடுவதுதான் முதல் தவறு. அரிசியில் புரதம் சுமார் 7 சதவீதம், மக்காச்சோளத்தில் 9, கம்பில் 11. முட்டையிடும் பெட்டைக்கு வேண்டியது 16 சதவீதம், முதல் 8 வாரக் குஞ்சுக்கு 20 சதவீதம். தானியத்தை எவ்வளவு கூட்டிப் போட்டாலும் இந்த இடைவெளி அடைபடாது, கொழுப்புதான் கட்டும். கோழி செத்துவிடாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஒரே ஈட்டுக் குஞ்சுகள் சிறிதும் பெரிதுமாக நிற்கும், இறகு ஒழுங்காக மூடாது, ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கும், முட்டை குறையும்.

வீட்டுக் கலவைக்கு 10 கிலோ கணக்கு இது: மக்காச்சோளம் அல்லது கம்பு 6 கிலோ, அரிசித் தவிடு ஒன்றரை கிலோ, சோயாப் புண்ணாக்கு 1 கிலோ 800 கிராம், உப்புப் போடாமல் காயவைத்த கருவாட்டுத் தூள் 600 கிராம், தாது உப்புக் கலவை 100 கிராம். புரதம் 17 முதல் 19 சதவீதம் வரை நிற்கும். உப்புக் கருவாட்டைப் போட்டால் கழிச்சல் கண்டு, தண்ணீர் தண்ணீர் என்று தவிக்கும். குஞ்சுகள் செத்தும் போகும்.

குஞ்சுகளுக்குக் காசில்லாத புரதம் கரையான். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு திணித்துத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் புற்றை ஒட்டிக் கவிழ்த்து வைக்க வேண்டும். விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள் எடுத்துக் குஞ்சுகள் நடுவே உதறினால் போதும். தாமதித்தால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. தீனியில் கிடைக்காவிட்டால் பெட்டை தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். பிறகு ஓடு கெட்டியாகாத தோல் முட்டை வரும், முட்டையைக் கொத்திக் குடிக்கிற பழக்கமும் தொற்றிக்கொள்ளும். கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்க வேண்டாம். ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள். ஓடு பெரும்பாலும் இராத்திரியில்தான் உருவாகிறது, அதனால் பெட்டை மாலையில் அதைத் தேடி வந்து கொத்தும். சேவலும் குஞ்சும் அவ்வளவாகத் தொடாது. இதற்கு நேர்மாறான தவறு, முட்டைக்கோழித் தீவனத்தையே குஞ்சுக்கும் போடுவது. அத்தனை கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை ‘கோழிக்குத்தானே’ என்று தள்ளிவிடுவதை எந்தக் காரணத்துக்காகவும் மன்னிக்க முடியாது. ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய புண்ணாக்கில் பிடிக்கும் பூசண நஞ்சு ஈரலைத் தாக்கும். வெயிலில் உலர்த்தினாலும், வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. குழியில் கொட்டி மூடுங்கள். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் கோழிக்கு ஆகாது. மஞ்சள் கரு பச்சை பாய்ந்து போகும்.

கண்ணில் நீர் வடிந்து, வெள்ளையாகக் கட்டி நின்றால் எல்லாரும் சீக்கு என்பார்கள். அரிசி, நொய் மட்டுமே தின்ற கோழிக்கு வைட்டமின் ஏ குறைவாலும் இது வரும். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு, முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள்.

நாய்க்கும் இதே கதைதான். மிஞ்சின பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துப் போடுகிறோம். அதிலிருக்கும் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நாளெல்லாம் தயிர்ச்சோறு என்றால் புரதம் போதாது. கன்னி, சிப்பிப்பாறைக் குட்டிகளை ‘கறி தின்னும் நாய்’ ஆக்குகிறேன் என்று எலும்பில்லாத கறி மட்டும் கொடுப்பவர்களும் உண்டு. கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. மூன்று நாலு மாதத்தில் முன்னங்கால் வளைந்தால் குட்டியின் ஜாதியைக் குறை சொல்கிறார்கள். வேகவைத்த கோழி எலும்பு இதற்குத் தீர்வாகாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

அழகர்கோவில் குரங்குக்கு பன்னும் சிப்ஸும் நீட்டுகிறவர்களுக்கு ஒன்று: கோழியும் நாயும் வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே செய்துகொள்ளும், நம்மைப் போலவே குரங்கால் முடியாது. மலையிலுள்ள பழமும் தளிரும்தான் அதற்கு வழி. பன்னால் வயிறு நிறைந்த குரங்கு ஏன் மலையேறப் போகிறது?

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே தீனியை மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், கழிச்சல் போகும். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், எட்டாம் நாள் முழுவதும். சித்திரை வெயிலில் மாற்றுவதானால் தீனியைக் காலை ஏழு மணிக்குள்ளும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள், தண்ணீர்ச் சட்டி நிழலில் இருக்கட்டும்.