எழுத்து (கலியாணப் பதிவு) நாளா, தாலி நாளா? கலியாணத்துக்குப் பிறகு அப்பாவின் அமெரிக்கக் காப்புறுதி

தம்பிக்கு அமெரிக்காவில் வேலை. அவன் கட்டிய மச்சாளும் அங்கே வளர்ந்தவள்தான். வயது 24, மருத்துவக் காப்புறுதி அவளுடைய அப்பாவின் கம்பனி வழியாக. கலியாணம் மட்டும் திருகோணமலையில். பந்தல், சமையல், ஐயர் என்று எல்லாம் என் தலையில் விழுந்தது. கடைசியில் இந்தக் காப்புறுதியும்.

படி 1: பெண்ணின் பெயரை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம்

இங்கே அரச ஊழியர்களின் அக்ரஹாரக் காப்புறுதியில் பிள்ளை மணமாகாதவராக இருக்க வேண்டும். அந்த நினைப்பில் மாமா, அதாவது மச்சாளின் அப்பா, "கட்டிக்குடுத்த பிள்ளைக்கு இனி நான் எப்படி?" என்று பெயர் நீக்கும் படிவத்தையே நிரப்பிவிட்டார். அமெரிக்காவில் அப்படியில்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளைகளைச் சேர்க்கும் திட்டம் எதுவும் அவர்களை 26 வயது வரை வைத்திருக்க வேண்டும். கலியாணம் ஆனாலும், தனிக்குடித்தனம் போனாலும் சரிதான். ஆனால் மருமகனையும் பேரப்பிள்ளையையும் சேர்க்கும்படி சட்டம் வற்புறுத்தவில்லை.

இராணுவக் குடும்பங்களின் ட்ரைகேர் மட்டும் வேறு. அதில் கலியாணத்தோடு பிள்ளையின் உரிமை போய்விடும். நியூயோர்க், நியூஜெர்சி மாநிலங்கள் 26க்கு மேல் தருகிற நீடிப்பும் மணமாகாதவர்களுக்குத்தான்.

படி 2: அப்பாவின் திட்டத்தையும் கணவனின் திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். வேறு மாநிலத்தில் குடியேறினால், அப்பாவின் திட்டத்தில் உள்ள டாக்டர்கள் அங்கே இருக்கிறார்களா என்று தேடுங்கள். கேள்விகளை மின்னஞ்சலில்தான் கேட்க வேண்டும். தொலைபேசியில் ஆளுக்கு ஒரு பதில் வரும்.

படி 3: நாட்களை எங்கிருந்து எண்ணுவது

இங்கேதான் நான் விழுந்தேன். கலியாணமானால் கணவனின் கம்பனித் திட்டத்தில் மனைவியைச் சேர்க்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். பல கம்பனிகள் அந்த 30க்கு மேல் ஒரு நாளும் தருவதில்லை. தனியாகக் காப்புறுதி வாங்கும் அரசின் காப்புறுதிச் சந்தையில் என்றால் 60 நாள்.

எங்களுக்கு எழுத்து சித்திரையில், தாலி ஆவணியில். எழுத்து அன்று பதிவாளருக்கு ஒரு தேநீர், எங்களுக்குக் கேசரி, அவ்வளவுதான். அதை யார் கலியாணம் என்று நினைத்தது? நான் தாலி கட்டிய நாளிலிருந்து எண்ணி, பத்தாம் நாளே எல்லாவற்றையும் அனுப்பிவைத்தேன். சான்றிதழில் இருந்த எழுத்துத் தேதியைப் பார்த்துவிட்டுத் தம்பியின் அலுவலகம் ஒரே வரியில் மறுத்துவிட்டது. இனி வருட முடிவில் எல்லோருக்கும் திறக்கும்போதுதான் சேரலாம்.

நல்லகாலம், மாமா நிரப்பிய படிவம் இன்னும் மேசை லாச்சியிலேயே கிடந்தது. மச்சாள் அப்பாவின் திட்டத்திலேயே இருந்துகொண்டாள். புதியது தொடங்கும் தேதி எழுத்துமூலமாக வரும்வரை பழையதைத் தொடாதீர்கள். தானாக விட்டுவிட்டவர்களுக்குச் சந்தையில் அதற்கென்று தனி அவகாசம் கிடையாது.

படி 4: சான்றிதழ்

தமிழ்ச் சான்றிதழ் என்றால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதியை எழுத்து முடிந்த வாரமே எடுத்துவிடுங்கள். இரண்டாகவே எடுங்கள்.

பின்சேர்க்கை: "26 ஆனதும் அன்றைக்கே நின்றுவிடுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கம்பனித் திட்டங்கள் சில பிறந்த நாளோடும் பல அந்த மாத முடிவிலும் நிறுத்துகின்றன. சந்தையில் பெற்றோர் வாங்கியது அந்த வருட டிசம்பர் 31 வரை ஓடும். அப்படி இழப்பது தானாக விட்ட கணக்கில் வராது. கணவனின் கம்பனியில் 30 நாள், சந்தையில் 60 நாள் என்று மறுபடி வழி திறக்கும். அப்போது சான்றிதழ் தேதியை யாரும் பார்க்கப்போவதில்லை, பழைய காப்புறுதி நின்ற தேதியைத்தான் கேட்பார்கள்.