தொடக்கப் பள்ளி வகுப்பறையில் கூலியும் கணக்கேடும்

மூணாறு, தேவிகுளம் தோட்டப் பகுதிகளில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் கூலி, போனஸ், கடைப் பற்று ஆகியவற்றை வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்கிறார்கள். ஆயினும் கையில் வந்த பணத்தை எதற்கு ஒதுக்குவது என்று தாமே முடிவெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிது. மூன்றாம், நான்காம் வகுப்பு ஆசிரியர்கள் அதை வகுப்பறையிலேயே ஏற்படுத்தித் தரலாம்.

முதலில் பழைய அட்டைகளை வட்டமாக வெட்டி, 1, 5, 10 என்று எழுதி நாணயங்கள் செய்துகொள்ளுங்கள். ரூபாய்த் தாளை ஒத்த காகிதங்களை அச்சிடுவதைச் சட்டம் தடுப்பதால் அவ்வழி வேண்டாம். கரும்பலகை துடைப்பது, செடிகளுக்கு நீர் விடுவது, புத்தகங்களை எண்ணி அடுக்குவது, மதிய உணவின்போது கை கழுவும் வரிசையைக் கவனிப்பது போன்ற வேலைகளை எல்லாருக்கும் முறைவைத்துப் பங்கிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கு 10 நாணயம் கூலி கொடுங்கள். மதிப்பெண்ணுக்குக் கூலி கொடுத்தால் நன்றாகப் படிப்பவர்களிடமே நாணயம் குவிந்து மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

கூலியில் 4 நாணயம் இருக்கை வாடகை. மீதி 6 நாணயத்துக்கு அந்த வாரமே ஒரு பென்சில் வாங்கலாம். அல்லது நான்கு வாரம் சேர்த்து, வகுப்பு முழுவதும் விளையாட வேண்டிய ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 20 நாணயத்துக்குப் பெறலாம்.

இந்த ஏற்பாட்டின் உயிர் கணக்கேட்டில்தான் இருக்கிறது. வரவு, செலவு, இருப்பு என்று மூன்று பத்திகளைப் பிள்ளையே கோடிட்டு, தன் கையாலேயே எழுத வேண்டும். ஏட்டிலுள்ள இருப்பும் பையிலுள்ள நாணயமும் ஒத்துவராதபோது ஆசிரியர் திருத்திக் கொடுக்காமல், பக்கத்துப் பிள்ளையுடன் சேர்ந்து வரிவரியாகப் பின்னோக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கழித்தல் கணக்கு இங்கே பாடநூலில் உள்ளதைவிட ஆழமாகப் பதிகிறது. மாத இறுதியில் ஒவ்வொரு 10 நாணய இருப்புக்கும் 1 நாணயம் வட்டி கொடுங்கள்; அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் ஆண்டு முழுவதற்குமே வட்டி 4 சதவீதம்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அபராதம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது; இல்லாமையின் சுமையை வகுப்பறையிலும் அதன் தலையில் ஏற்றக் கூடாது. ஒருவரது இருப்பை மற்றவர் முன் வாசிப்பதும் கூடாது. கடனை இரண்டாம் மாதத்திலிருந்து அனுமதிக்கலாம். அதிகபட்சம் 5 நாணயம், திருப்பித் தரும் நாளைக் கணக்கேட்டில் எழுதிய பிறகே.

10 வயது நிறைந்தவர்கள் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்கலாம். அதைத் தொடங்க 500 ரூபாய் வேண்டும் என்பதால் முதலில் பெற்றோரிடம் பேசிவிட்டு, நான்காம் வகுப்பின் இறுதியில் பிள்ளைகளை அஞ்சலகத்துக்கு அழைத்துச் சென்று, விண்ணப்பப் படிவத்தை அவர்களையே வாசிக்கச் செய்யுங்கள்.